காருக்குக் கொள்ளு

ராணுவத்தில் அடிப்படைப் பயிற்சிக்குப் போகும் ஒருவர் தம் சொந்தக் காரை உடன் கொண்டுபோகலாமா, கூடாதா? இந்த மாபெரும் கேள்வி உலகத்தில் வேறு எங்கும் எழுந்ததாகத் தெரியவில்லை. ராயபுரத்தில், எங்கள் சந்தில் எழுந்தது. எழுந்த பிறகு யாரையும் தூங்க விடவில்லை.

எதிர்வீட்டு ஜானட் காசிமேட்டில் மீன் ஏலம் எடுப்பவர். குரலை உயர்த்தினால் ஐஸ் பெட்டிக்குள் இருக்கிற வஞ்சிரமும் கண்ணைத் திறக்கும். அவருடைய ஒரே மகன் ஜெஸ்வின். இரண்டு முறை ஓட்டத்தில் தோற்று, மூன்றாம் முறை ராணுவத்துக்குத் தேர்வானான். நான்கு ஆண்டு வேலை. வயது வரம்பு முடியப்போகிற நேரத்தில் கிடைத்தது. பயிற்சியில் தேறாமல் திருப்பி அனுப்பிவிட்டால் இன்னொரு முறை போய் நிற்க முடியாது. அது அவனுக்குத் தெரியும். அதனால்தான் அவன் எங்களைப் போலப் பேசிக்கொண்டிராமல் தினமும் கடற்கரைச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தான்.

கார் விஷயத்துக்கு வருகிறேன். ஜானட் போன வருஷம் ஒரு வெள்ளைக் கார் வாங்கினார், பழசுதான். அது ஓடி நாங்கள் அதிகம் பார்த்ததில்லை. துறைமுகத்துக்குள் நுழைய கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் வரைக்கும் வரிசையில் நிற்கும்போது கார் எங்கே ஓடும்? ஞாயிறு பூசைக்கு முன்னால் உறையைக் கழற்றுவார், துடைப்பார், மறுபடி உறையை மாட்டுவார், கோயிலுக்கு நடந்து போவார். ஆனாலும் வாசலில் கார் நிற்காத வீட்டை இப்போதெல்லாம் யாரும் வீடு என்று ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் சந்திலேயே பவானி என்ற பெண் ஜிம்முக்குக் காரில் போகிறாள். ஜிம் மூன்றாவது தெருவில் இருக்கிறது. அங்கே போய் அவள் செய்வது, ஓர் இயந்திரத்தின் மேல் ஏறி ஒரு மணி நேரம் நடப்பது.

"நடக்கிறதுக்கே அது கார்ல போவுது" என்றார் ஜானட். "எம்புள்ள நாட்டைக் காப்பாத்தப் போறான். அவன் மட்டும் ரயில்ல பொட்டியத் தூக்கிகினு போவணுமா?"

"அம்மா, பயிற்சிக்கு யாரும் கார் எடுத்துகினு வர மாட்டாங்கம்மா."

"உன்னாண்ட சொன்னாங்களா?"

"இத்தப் போயி யாராவது கேப்பாங்களா?"

"கேக்கணும் நைனா" என்று ஒரு குரல் வந்தது. அம்புரோஸ் மாமா. ஒரு சரக்கு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். சந்தில் யார் வீட்டில் என்ன காகிதம் வந்தாலும் அவர்தான் முதலில் படிப்பார். "வாயால கேட்டா வாயால சொல்லுவான், அப்பால இல்லன்னுடுவான். எயுதிக் கேட்டா எயுதித்தான் ஆவணும். எயுதிக் கேப்போம்."

எழுதிக் கேட்டார்கள். பிழை அங்கேதான்.

ஒரு பயிற்சி மையத்துக்கு, "நான் என் காரைக் கொண்டுவரலாமா?" என்று ஒருவர் எழுதிவிட்டால் அந்த மையத்தின் நிலைமையை நாம் அனுதாபத்தோடு பார்க்க வேண்டும். கூடாது என்று சொல்ல ஒரு விதி வேண்டும். கூடும் என்று சொல்லவும் ஒரு விதி வேண்டும். இதுவரை யாரும் கேட்காததால் காருக்கு விதியே கிடையாது. விதி இல்லை என்று பதில் எழுதலாமா என்றால், அப்படி எழுதுவதற்கும் விதி இல்லை. கடைசியில் யாரோ பழைய புத்தகத்தைத் தட்டித் துழாவி, சிப்பாய்கள் சொந்தக் குதிரையோடு வந்து சேர்ந்த காலத்து விதி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். அதை யாரும் ரத்து செய்யவில்லை. ரத்து செய்யாத வரைக்கும் அது உயிரோடு இருக்கிறது.

பதில் வந்தது. அம்புரோஸ் மாமா அதை ஆங்கிலத்திலிருந்து அலுவலகத் தமிழுக்கு மாற்றி, சந்து முழுவதும் கேட்கும்படி வாசித்தார்.

"பார்வையில் காணும் தங்கள் விண்ணப்பம் கவனமுடன் பரிசீலிக்கப்பட்டது. பயிற்சியாளர் ஒருவர் தாம் ஏறிச் செல்லும் பொருட்டுச் சொந்தமாக வைத்திருப்பதை உடன் கொண்டுவர அனுமதிக்கப்படுகிறது. மேற்படியானதற்குத் தொற்றுநோய் ஏதுமில்லை, கடிக்கும் பழக்கமும் இல்லை என்பதற்குக் கால்நடை மருத்துவரின் சான்று இணைக்கப்பட வேண்டும். மேற்படியானதின் தீனி அரசுச் செலவில் வழங்கப்படும்."

"இது குதிரைக்குப் போட்ட ரூலு மாமா!" என்று ஜெஸ்வின் அலறினான்.

"குதிரைன்னு எங்கனா போட்டுக்கீதா? ஏறிச் செல்வதுன்னு போட்டுக்கீது. நீ அதுல ஏறித்தான போவ?"

ஜானட்டுக்கு ஒரே சந்தோஷம். "பாத்தியா, தீனியும் அவங்களே குடுக்கறாங்க."

கல்மண்டபத்தில் ஆடு, நாய், பூனைக்கெல்லாம் வைத்தியம் பார்க்கிற டாக்டர் ரிஃபானாவிடம் போனார்கள். உள்ளே இடம் போதாததால் கார் வெளியில் ஓர் ஆட்டுக்கும் சினை மாட்டுக்கும் நடுவில் வரிசையில் நின்றது. ஒழுங்காக நின்றது. அதன் முறை வந்தது.

"இது கார்" என்றார் டாக்டர்.

"ஆமாங்க டாக்டர். அதுல சந்தேகம் இல்லீங்க" என்றார் அம்புரோஸ் மாமா.

"நான் கால்நடை மருத்துவர்."

"அதுலயும் சந்தேகம் இல்லீங்க. கடிக்குமா, கடிக்காதான்னு மட்டும் சொல்லுங்க."

"கடிக்காது."

"அத்தத்தான் எயுதித் தாங்கன்றோம். பொய்யா எயுதச் சொல்லலியே?"

டாக்டர் வெளியில் நின்ற வரிசையைப் பார்த்தார். நியாயமாக வாதாடினால் மாடு கன்று போட்டுவிடும். "கடிக்காது. தொற்றுநோய் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஜெஸ்வினின் முகத்தைப் பார்த்து, "தைரியமா போயிட்டு வாப்பா" என்று மட்டும் சொன்னார்.

இதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் பின்னால் ஜெஸ்வின் சொல்லித் தெரிந்ததுதான். மையம் இருக்கும் ஊரின் பெயரைக் கேட்காதீர்கள். ராணுவ ரகசியம்.

வாசலில் காவலர் காரைச் சுற்றி வந்து, "ஆணா, பெண்ணா?" என்று கேட்டார். விண்ணப்பத்தில் அந்தக் கட்டம் காலியாக இருந்ததாம். பிறகு அதை லாயத்துக்கு அனுப்பினார்கள். லாயம் என்று ஒன்று இருந்தது. குதிரைதான் இல்லை. ஆனால் லாயக் கண்காணிப்பாளர் இருந்தார். லோகநாதன் என்று பெயர், கொடுங்கையூர்க்காரர். காரைக் கண்டதும் ஓடி வந்து அதன் பானெட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

"நம்ம ஊரு புள்ளையா நீ! தெய்வம்டா நீ! நான் சேந்த நாள்லேர்ந்து இது காலி லாயம் மாமு. மேலேர்ந்து ஆளு வந்து குதிர எங்கன்னு கேட்டா, மேயப் போயிருக்குதுன்னு சொல்லிகினு கீறேன். எத்தினி வருசம்தான் மேயும்? இந்த வாட்டி என் போஸ்ட்டயே தூக்கிடுவாங்கன்னு பேஜாரா இருந்தேன்."

"அண்ணே, நான் கார நிறுத்திட்டுப் போயி ஓட்டத்துல சேரணும்."

"நிறுத்திட்டுப் போறதா? கொண்டாந்தவன்தான் பாத்துக்கணும். ரூலு."

விதியை லோகநாதன் நடத்திக் காட்டினார். விடிந்ததும் மேற்படியானதை உடம்பு தேய்த்துவிட வேண்டும். பிறகு இரண்டு மணி நேரம் மைதானத்தைச் சுற்றி நடத்திப்போக வேண்டும். ஏறக் கூடாது. சவாரித் தேர்வில் தேறியவர்தான் ஏறலாம். சவாரித் தேர்வு நடத்தும் பள்ளி, குதிரை இல்லாத காரணத்தால் எப்போதோ மூடப்பட்டது. ஆக, மற்ற பையன்கள் எல்லாம் துப்பாக்கியோடு ஓடும் நேரத்தில் ஜெஸ்வின் தன் காரைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போனான். அது ராயபுரத்தில் இருந்ததைவிட அங்கே அதிகம் நகர்ந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

தினமும் ஒரு வாளி ஊறவைத்த கொள்ளு வரும். அதை முன் பம்பருக்கு எதிரில் வைப்பார்கள். சாயங்காலம் வாளி காலியாக இருக்கும். கார் தின்றதாகப் பதிவாகும். லோகநாதன் அந்த நாள்களில் கொஞ்சம் சதை போட்டார்.

ஜெஸ்வினோ இளைத்தான். ஓட்டப் பயிற்சிக்கு அவன் வருவதில்லை என்று எச்சரிக்கை வந்தது. இரண்டாவது எச்சரிக்கையும் வந்தது. மூன்றாவது வந்தால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். அவன் மேலதிகாரியிடம் போய் நின்றான்.

"ஐயா, இந்தக் கார் எனக்கு வேண்டாம். திருப்பி அனுப்பிவிடுகிறேன்."

"முடியாது. படையில் சேர்ந்த பிராணி நினைத்தபோது போக முடியாது."

"நான் போகலாமா ஐயா?"

"நீ எப்போது வேண்டுமானாலும் போகலாம். நான்கு வருஷத்துக்கு மேல் நீ கெஞ்சினாலும் இருக்க முடியாது."

அன்று லாயத்தில் உட்கார்ந்து ஜெஸ்வின் அழுதுவிட்டான். அம்மா வாங்கிய கார், அம்மா ஆசைப்பட்ட வேலை, இரண்டில் ஒன்று மற்றதைத் தின்றுகொண்டிருந்தது. அழுது முடித்த பிறகு கேட்டான்: "அண்ணே, ஒரு குதிர இங்கிருந்து எப்படித்தான் வெளிய போவும்?"

"நொண்டினா போவும்" என்றார் லோகநாதன்.

மறுநாள் காலையில் காரின் வலது முன் சக்கரத்தில் காற்று இல்லை. யார் பிடுங்கினார்கள் என்பது பதிவில் இல்லை. லோகநாதன் குனிந்து பார்த்தார், சட்டப்படி அறிக்கை எழுதினார்: மேற்படியானது வலது முன்காலில் நொண்டுகிறது.

நொண்டும் குதிரையைச் சுட்டுவிட வேண்டும் என்பது விதி. இது யாருக்கும் ஞாபகம் இல்லை. மேலதிகாரிக்கு மட்டும் ஞாபகம் வந்தது. இரண்டு பேர் துப்பாக்கியோடு வந்து காருக்கு முன்னால் நின்றார்கள். அதில் ஒருவர் மரியாதையாக, "இதயம் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். ஜெஸ்வின் பானெட்டின் மேல் கையை வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை தோறும் அம்மா துடைத்த கார் அது.

"சுடுறதுக்கு முன்ன டாக்டர் அபிப்பிராயம் வேணுங்க ஐயா" என்றார் லோகநாதன். "முதல் சான்று குடுத்த டாக்டரு."

கல்மண்டபத்துக்கு வீடியோவில் கூப்பிட்டார்கள். டாக்டர் ரிஃபானா ஒரு நாய்க்கு ஊசி போட்டுக்கொண்டே திரையைப் பார்த்தார். சக்கரத்தைக் காட்டினார்கள். சக்கரத்துக்குப் பக்கத்தில் கன்னம் ஒட்டி, உள்ளங்கை எல்லாம் கொப்புளத்தோடு ஜெஸ்வின் நின்றுகொண்டிருந்தான். டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார்.

"ரொம்ப உழைச்சிருக்கு. இதுக்கு மேல தாங்காது. சுடாதீங்க. ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்புங்க" என்றார்.

பின்னால் நான் கேட்டபோது, "நான் பையனைப் பார்த்துத்தான் சொன்னேன். நல்லவேளை, அவங்க காரை அனுப்பினாங்க" என்று சிரித்தார்.

ஓய்வு பெறும் பிராணிக்கு ஆயுள் முழுவதும் தீனி உண்டு. அதற்கும் விதி இருந்தது. லாயம் மறுபடி காலியாவதில் லோகநாதனுக்கு முதலில் வருத்தம். மாதாமாதம் தீனி அனுப்பிவைக்க ஆள் தேவை என்பதால் அவர் பதவி நிரந்தரமானது. உதவியாளர் ஒருவரும் கொடுக்கப்பட்டார். ஜெஸ்வின் அடுத்த நாளே ஓட்டத்தில் சேர்ந்தான். காரைத் தள்ளிய கால் அல்லவா, முதல் ஆளாக வந்தான்.

கார் ஒரு லாரியில் ஏறி வீட்டுக்கு வந்தது. ஊரெல்லாம் தாண்டி வந்துவிட்டு, எங்கள் துறைமுகச் சாலையில் கன்டெய்னர் வரிசையில் ஒரு முழு நாள் நின்றது. ஜானட் பழைய இடத்தில் நிறுத்தி, கண்ணாடியில் "முன்னாள் ராணுவம்" என்று ஒட்டினார். ஒரு வாரத்தில் எங்கள் சந்தில் ராணுவம் என்று ஒட்டாத வண்டி பால்காரரின் சைக்கிள் மட்டும்தான். மாதம் பிறந்தால் கொள்ளு மூட்டை வந்து இறங்குகிறது. சந்து முழுக்கக் கொள்ளு ரசம், கொள்ளுச் சுண்டல். கொள்ளு தின்றால் உடம்பு இளைக்கும் என்று ஜிம்மில் சொன்னார்களாம். பவானி சந்தின் அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிக்குக் காரில் வந்து வாங்கிக்கொண்டு போகிறாள்.

பயிற்சி முடித்து ஜெஸ்வின் விடுமுறையில் வந்தான். ராயபுரம் ஸ்டேஷனில் இறங்கி, பெட்டியைத் தோளில் வைத்து நடந்து வந்தான். உடம்பு இரும்பாக இருந்தது. ஜானட் அவனைக் கட்டிக்கொண்டு அழுத அழுகை சந்து முழுவதும் கேட்டது. எனக்கும் கண் கலங்கியது. சும்மா சொல்லக் கூடாது, எங்கள் கண் முன்னால் வளர்ந்த பையன்.

எல்லோரும் உட்கார்ந்து சுண்டல் தின்றோம். ஜானட்தான் பேச்சை ஆரம்பித்தார்.

"நாலு வருசம் முடிஞ்சா அப்பால இன்னா நைனா?"

"மொத்தமா ஒரு தொகை குடுத்து அனுப்பிடுவாங்கம்மா."

"பென்சன்?"

"கெடையாது."

"மாசாமாசம் எதுனா?"

"ஒண்ணும் கெடையாதும்மா."

ஜானட் திரும்பி வாசலைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். உறை மாட்டிய கார், பக்கத்தில் இந்த மாதத்து மூட்டை.

"மாமா" என்றார் ஜானட், அம்புரோஸ் மாமாவிடம், மெதுவாக. "இவனையும் குதிரன்னு சேத்துக்குவாங்களா?"

யாரும் சிரிக்கவில்லை. அம்புரோஸ் மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"கேக்காம எப்படிம்மா சொல்றது? எயுதிக் கேப்போம்."

"ஐயோ, வேணாம் மாமா!" என்று ஜெஸ்வின் எழுந்து நின்றுவிட்டான்.

அவன் சின்னப் பையன், அவனுக்கு என்ன தெரியும்? நான் வீட்டுக்குள் போய் வெள்ளைத்தாள் கொண்டுவந்து கொடுத்தேன். இரண்டு தாளாகவே கொடுத்தேன். என் மகனும் அடுத்த மாதம் ஆள் எடுப்புக்குப் போகிறான்.