சைலன்சருக்குச் சுக்குக் கருப்பட்டி

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கார் சைலன்சருக்குக் கருப்பட்டி பூசியவன் இந்தப் பூமியில் நான் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும். வேறு யாராவது பூசியிருந்தால் வாயைத் திறக்காமல் இருந்திருப்பார். (நானும் திறக்கவில்லை. என் வீட்டார் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.)

உலகப் போர் முடிந்த சமயம். எனக்கு இருபத்திரண்டு வயது. பெட்ரோல் ரேஷனில்தான் கிடைக்கும். அதனால் தூத்துக்குடித் துறைமுகத்தில் லாஞ்சு இன்ஜின் பார்க்கும் ரொசாரியோ மேஸ்திரியைக் கெஞ்சிக் கூத்தாடி, கழித்துப்போட்ட ஒரு டீசல் இன்ஜினை என் ஓட்டைக் காருக்குள் இறக்கியிருந்தேன். டீசலை அப்போது குருடாயில் என்போம். வண்டி நன்றாகவே ஓடியது. சத்தம்தான் கொஞ்சம் அதிகம். நான் கடற்கரை ரோட்டில் திரும்பும்போதே அம்மா வீட்டில் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிடுவாள். நான் போய்ச் சேரும்போது இரண்டு தோசை தயாராக இருக்கும்.

அம்மாவின் அண்ணன், என் தாய்மாமா, ஏரலில் கருப்பட்டி மண்டி வைத்திருந்தார். அவர் மகள் செல்வக்கனி எனக்கு முறைப்பெண். அவளைத்தான் கட்டுவது என்று எட்டாம் வகுப்பிலேயே முடிவு செய்திருந்தேன். (அவளிடம் கேட்கவில்லை. அதெல்லாம் எனக்குத் தோன்றவே இல்லை.) மாமா ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அவரை அசத்திவிடலாமென்று வண்டியைக் கிளப்பிக் காட்டினேன். மனிதர் கையிலிருந்த காப்பியை வேட்டியில் கொட்டிக்கொண்டார். ஊருக்குப் போனதும் ஆளனுப்பினார். வெள்ளிக்கிழமை வந்து கல்யாணம் பேசலாம், ஆனால் அந்த வண்டிச் சத்தம் தன் தெருவில் கேட்டால் பெண் எட்டயபுரத்து ஜவுளிக்கடை மாப்பிள்ளைக்குத்தான் என்று தகவல்.

பேசாமல் பஸ்ஸில் போ என்றார்கள் எல்லாரும். எட்டயபுரத்தானும் பஸ்ஸில்தான் வருவான். நானும் அதே பஸ்ஸில் போய் இறங்கினால் எனக்கு என்ன மரியாதை? வண்டியில்தான் போவேன், சத்தமில்லாமல் போவேன், பெண்ணையும் வாங்குவேன் என்று வீம்பாக வண்டிக்கு அடியில் போய்ப் படுத்தேன்.

இரண்டு மண்ணெண்ணெய் டின்களை ஒன்றுக்குள் ஒன்று செருகி, இடையில் சிப்பி ஓட்டை உடைத்து நிரப்பினேன். (முத்துக்குளிக்கிற ஊரில் முத்துக்குத்தான் பஞ்சம், சிப்பிக்கு ஏது பஞ்சம்?) சைலன்சர் தயார். ஆனால் டின்னும் புகைக்குழாயும் சேருகிற இடத்தில் ஒரு விரற்கடை இடைவெளி. சத்தம் முழுவதும் அந்த வழியாக வெளியே வந்தது. பற்றவைத்துத் தர ஒரு வாரமாகும் என்றார் ரொசாரியோ மேஸ்திரி. எனக்கு இருந்தது இரண்டே நாள்.

அப்போதுதான் எங்கள் வீட்டு மாடிக்குத் தளம் போட்டுக்கொண்டிருந்த கொத்தனார் சொன்னது காதில் விழுந்தது. சுண்ணாம்பில் கருப்பட்டித் தண்ணீர் விட்டுக் குழைத்தால் நூறு வருஷத்துக்கு அசையாதாம். அவர் சொன்னது வீட்டுக்கு. நான் எடுத்துக்கொண்டது காருக்கு. அவர் ஒரு பானைத் தண்ணீருக்கு இரண்டு வட்டுக் கருப்பட்டி கரைத்தார். இரண்டு வட்டுக்கே நூறு வருஷமென்றால் ஒரு ஓலைக் கொட்டான் நிறையப் போட்டால் எத்தனை தலைமுறைக்கு நிற்கும் என்று நினைத்தேன்.

அதுவும் எந்தக் கொட்டான்? அம்மாவுக்கென்று மாமா கொடுத்தனுப்பிய சுக்குக் கருப்பட்டிக் கொட்டான். சுக்கும் ஏலமும் இடித்துப் போட்டு, வருஷத்துக்கு ஒருமுறை மாமாவே பக்கத்தில் நின்று காய்ச்ச வைப்பார். சொந்தக்காரர்களுக்கு மட்டும்தான் அது, மண்டியில் விற்பனைக்கு வராது. என் கைக்கு எட்டியது அது ஒன்றுதான். மொத்தத்தையும் தட்டி, இரண்டு கை சுண்ணாம்போடு பிசைந்து, இடைவெளியில் அப்பி, ஒரு பகல் முழுக்க வெயிலில் காயவைத்தேன். தட்டிப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. இன்ஜினைக் கிளப்பினேன். பூனை உறுமுகிற சத்தம்தான் வந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு புறப்பட்டேன். எங்கள் பக்கத்துப் புதுக்கோட்டை தாண்டும்போது அருமையான சுக்குக் காப்பி வாசம். ஏதோ காப்பிக்கடை என்று நினைத்தேன். இரண்டு மைல் போன பிறகும் அந்தக் கடை கூடவே வந்தது. அப்புறம்தான் திரும்பிப் பார்த்தேன். சைக்கிளில் இரண்டு பேர் மூக்கை நீட்டிக்கொண்டு பின்னால் வந்தார்கள். ரோட்டில் கறுப்பாக ஒரு கோடு சொட்டிக்கொண்டே வந்தது. குழாய்ச் சூட்டில் கருப்பட்டி பாகாகிக் கொண்டிருக்கிறது என்று அப்போதுதான் புத்திக்கு எட்டியது. திரும்பிப் போயிருக்கலாம். நானா திரும்புகிறவன்? இன்னும் அழுத்தி மிதித்தேன்.

மாமா தெரு வந்தது. வாசலில் நாற்காலி போட்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வண்டி பூனையாகவே போய் அவர் முன்னால் நின்றது. மாமா முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரிந்தது. ஜெயித்துவிட்டேன் என்று கதவைத் திறக்கப் போனேன். மாமா காற்றை மோந்து பார்த்தார். பின்னால் 'டமார்' என்று ஒரு சத்தம். சைலன்சர் கழன்று, உருண்டு போய் அவர் காலடியில் நின்றது. அடுத்த நொடி இன்ஜின் தன் சொந்தக் குரலில் கத்த ஆரம்பித்தது. அதை நிறுத்த வேண்டுமென்றால் இறங்கிப் போய், மூடியைத் திறந்து, குருடாயில் குழாயை அடைக்க வேண்டும். நான் அடைப்பதற்குள் தெரு முழுக்க வெளியே வந்துவிட்டது.

மாமா டின்னைப் பார்க்கவில்லை. அதில் ஒட்டியிருந்த கட்டியில் ஒரு துண்டைக் கிள்ளி மூக்கருகே கொண்டுபோனார்.

"ஏலே, இது நான் உங்கம்மைக்குக் குடுத்துவிட்ட சுக்குக் கருப்பட்டில்லா?"

அவ்வளவு பேர் முன்னால் அப்படியே மண்ணுக்குள் புதைந்துவிடலாம் போல இருந்தது. சத்தத்தைக்கூட அவர் மன்னித்திருப்பார். சொந்தத் தங்கச்சிக்கென்று நின்று காய்ச்சியதைப் புகைக்குழாயில் அப்பியவனை எப்படி மன்னிப்பார்?

"பஸ் ஏறிப் போயிரு," என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் உள்ளேயிருந்து செல்வக்கனி வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். டின்னைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள்.

"யப்பா, தூத்துக்குடியிலேர்ந்து இங்கன வரைக்கும் தாங்கியிருக்குல்லா? வேற மண்டிக் கருப்பட்டின்னா புதுக்கோட்டையிலயே களண்டு விழுந்திருக்கும்."

மாமா கையிலிருந்த துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எனக்கு நெஞ்சு அடித்த அடி லாஞ்சு இன்ஜினையே தோற்கடித்திருக்கும்.

"சுண்ணாம்பு எவ்ளவுலே போட்ட?"

"ரெண்டு கை, மாமா."

"கூறுகெட்ட பயலே, அது எப்படிப் பத்தும்? உள்ள வா."

அந்த ஆவணியில் கல்யாணம் நடந்தது. வண்டியை விற்றுவிட்டு மண்டியில் வந்து உட்கார வேண்டும் என்பது மாமா போட்ட நிபந்தனை. உட்கார்ந்தேன். நாற்பது வருஷமாகிறது. இன்றைக்கும் காப்பிக்கு ஒரு துண்டு கருப்பட்டி வேண்டுமென்று அடுக்களைப் பக்கம் குரல் கொடுத்தால் செல்வக்கனி உடனே தந்துவிட மாட்டாள். வீட்டில் விருந்தாளி இருந்தால் இன்னும் உரக்கவே கேட்பாள்.

"திங்கதுக்கா, பூசுததுக்கா?"