பொங்கல் ஒட்டிய விரல்

பொய் எழுதுவது வேறு, எழுதாமல் விடுவது வேறு என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

எங்கள் கிளினிக்கில் சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு ஒரு நோட்டு கொடுப்பார்கள். காலையில் வெறும் வயிற்றில் விரலைக் குத்திப் பார்த்த அளவு, தின்றது, நடந்தது எல்லாம் அதில் எழுத வேண்டும். நான் எட்டாவதுதான் படித்தேன். ஆனாலும் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். இட்லி இரண்டு, சுண்டல் ஒரு கிண்ணம் என்று ஒன்று விடாமல் எழுதுவேன். பிரசாதத்தை மட்டும் எழுத மாட்டேன். (சாமி கொடுப்பதைத் தீனியோடு சேர்க்கலாமா? பாவமில்லையா?)

இந்த நோட்டைப் பார்த்து ஏமாந்துதான் சிஸ்டர் சொன்னார்: "கஸ்தூரிம்மா, சனிக்கிழமை மயிலாப்பூர்ல பேஷண்ட்டுங்க கூட்டம் வெச்சிருக்கோம். நம்மால முடியாதுன்னு பயப்படறவங்களுக்கு நீங்கதான் மேடையில விரலக் குத்திக் காட்டணும்."

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமை மட்டும் காரணமில்லை. என் வீட்டுக்காரருக்கும் சர்க்கரை உண்டு, என்னைவிட அதிகம். மந்தைவெளியில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிறார். தினமும் கரி நெருப்போடு பிழைக்கிற மனுஷன், ஊசி முனையைக் கண்டால் நடுங்குவார். கால் கட்டைவிரலில் ஒரு புண் ஆறாமலே இருந்தது. "இப்படியே விட்டா விரலை எடுக்க வேண்டியிருக்கும்" என்று டாக்டர் சொல்லியும், "நமக்கு இதெல்லாம் ஆவாது கஸ்தூரி. நீ மகராசி, வாயக் கட்டுவே" என்று சொல்லிவிட்டார். அப்படிப்பட்டவர், நான் மேடை ஏறுவதைப் பார்க்க வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பினார். அவர் மனசை மாற்ற எனக்கு இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

அது மார்கழி மாசம். போகிற வழியில் பெருமாளைக் கும்பிடப் போனேன். வீட்டுக்காரர் வாசலில் செருப்புக்குக் காவல் நின்றார். உள்ளே தொன்னையில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தார்கள், நெய் வழிய வழிய. தின்றேன். "இன்னும் கொஞ்சம் வாங்கிக்கோங்கோ" என்றார் பட்டாச்சாரியார். பெருமாளே உபசரித்த மாதிரி இருந்தது. மறுப்பேனா? பிரசாதம் தின்ற கையைக் கழுவக் கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். தலையில் தடவிக்கொண்டு வந்துவிட்டேன்.

கூட்டத்தில் ஐம்பது பேர் இருப்பார்கள். வீட்டுக்காரர் முதல் வரிசையில் உட்கார்ந்தார். "முதல்ல கைய சோப்பு போட்டு நல்லா கழுவணும்" என்று மைக்கில் சொல்லி, வெறும் காற்றிலேயே தேய்த்துத் தேய்த்துக் கழுவிக் காட்டினேன். (நடிப்பு பிரமாதம்.) பிறகு விரலைக் குத்தினேன்.

"பாருங்க, அம்மாவோட அளவு..." என்று ஆரம்பித்த சிஸ்டர் அப்படியே நின்றுவிட்டார்.

நானூற்றிப் பன்னிரண்டு.

"ஐயோ, நானூறா! அந்தம்மாவ உக்கார வைங்க!" என்று ஒரு அம்மாள் கத்தினாள். நாற்காலி வந்தது. விசிறி வந்தது. "தலை சுத்துதா? கண்ணு மங்குதா?" என்று கேட்டுக்கொண்டே, டாக்டருக்குப் போன் போடச் சொன்னார் சிஸ்டர்.

என் வீட்டுக்காரர் மேடையோரம் வந்து நின்றார். கண் கலங்கியிருந்தது. "வாயக் கட்டி வயித்தக் கட்டுன இவளுக்கே நானூறு கீதுன்னா, நான்லாம் பாத்து இன்னா ஆவப் போவுது? வா கஸ்தூரி, வூட்டுக்குப் போலாம்."

வாயை மூடிக்கொண்டால் என் மானம் பிழைக்கும், அவர் கால் போகும். 'பெருமாளே, மூன்றாவதாக ஒரு வழி காட்டு' என்று வேண்டினேன். அவர் காட்டவில்லை.

"சிஸ்டர், விரல்ல பொங்கல் ஒட்டியிருக்கு" என்றேன். மைக்கை யாரும் அணைத்திருக்கவில்லை.

"என்ன பொங்கல்?"

"சக்கரைப் பொங்கல். இப்பத்தான். ரெண்டு தொன்னை."

"நோட்டுல ஒரு நாள்கூட எழுதலையேம்மா?"

"பிரசாதம் எழுத மாட்டேங்க. மார்கழி பொறந்ததுலேர்ந்து தினமும் உண்டு."

"எந்தக் கோயிலும்மா? நாளைக்கும் உண்டா?" என்று பின்வரிசையிலிருந்து ஒருத்தர் கேட்க, மண்டபமே சிரித்தது. தரை பிளந்து என்னை வாங்கிக்கொள்ளாதா என்று இருந்தது.

நிஜமாகவே சோப்பு போட்டுக் கழுவிவிட்டு மறுபடி பார்த்தோம். இருநூற்று முப்பத்தெட்டு. "இதுவும் நல்லதில்லம்மா" என்று மெதுவாகச் சொன்னார் சிஸ்டர். திட்டியிருக்கலாம். அந்தக் குரலுக்குத்தான் எனக்கு அழுகை வந்தது. என்னை நம்பி ஐம்பது பேர் முன்னால் நிறுத்திய பெண் அல்லவா.

மந்தைவெளி வரும்வரை வீட்டுக்காரர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டே வந்தார். கோபம் என்று நினைத்தேன். தெருமுனையில் பார்த்தால் தோள் குலுங்குகிறது. சிரிக்கிறார்!

"நீ சாமியாரிணி, உன்ன மாரி நம்மால முடியாதுன்னு பயந்துகினு இருந்தேன். நீயும் நம்ம கேசுதானா?"

மறுநாள் காலையில் இரண்டு தரம் சோப்பு போட்டுக் கை கழுவிக்கொண்டு வந்து, கண்ணை இறுக்கி மூடி விரலை நீட்டினார். "உம், குத்து."

இப்போது அவருக்கும் ஒரு நோட்டு இருக்கிறது. கோணல் எழுத்தில், "பஜ்ஜி ஒண்ணரை. மீதி அரைய கஸ்தூரி புடுங்கிட்டா" என்று உண்மையை எழுதுகிறார். நானும் "பிரசாதம், ஒரு ஸ்பூன்" என்று எழுதுகிறேன். நான் யாருக்காவது புத்தி சொல்ல வாயைத் திறந்தால் போதும், மாப்பிள்ளை எதிரில்கூட, "மொதல்ல கையக் காட்டு" என்கிறார். பேரப்பிள்ளைகளும் அதையே பிடித்துக்கொண்டார்கள்.

வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் காட்டுகிறேன். பத்து விரலும் பத்திரமாக இருக்கிற கால்களை ஊன்றி நின்றுகொண்டல்லவா அந்த மனுஷன் கேட்கிறார்.