முதல் வயலின்காரர்களின் தாளை நான் சுத்தம் செய்த மதியம்

அந்த மதியம் துபாய் அரங்கின் மேடையில் இருந்தவர்கள்: நான், என் சட்டைப் பையில் ஒரு ரப்பர். இல்லாதவர்கள்: ஐரோப்பிய வானொலி ஒன்றின் சிம்ஃபனி இசைக்குழுவினர் தொண்ணூறு பேர் (ஒத்திகை முடித்துச் சாப்பிடப் போயிருந்தார்கள்), எங்கள் மேனேஜர் பஷீர் பாய் (தொழுகை முடித்துக் குடோனுக்கு), அப்புறம் என் புத்தி (எங்கே போனதென்று இன்றுவரை தெரியவில்லை).

மேடையும் நாற்காலியும் வாடகைக்கு விடும் கம்பெனியில் எனக்கு வேலை. குடோன் ஷார்ஜா தொழில்பேட்டையில். எனக்கு ப்ரொபேஷன் முடிய நான்கு நாள் இருந்தது. பாய் கையெழுத்துப் போட்டால் வேலை நிரந்தரம். போடாவிட்டால் ஊருக்கு டிக்கெட்.

"தம்பி, சாயந்திரம் இவங்க வாசிக்கிறது அவங்க நாட்டு ரேடியோவுல நேரடியாப் போவுது. ஸ்டேஜ் கண்ணாடியாட்டம் இருக்கணும். நீ படிச்ச புள்ள, ஒன்ன நம்பித்தான் போறேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பாய் கிளம்பியிருந்தார்.

படிச்ச புள்ள! எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்த இரண்டு வார்த்தை காதில் விழுந்தால் எனக்குத் தலைகால் புரியாது. இசைத்தாள் வைக்கும் ஸ்டாண்டுகளைத் துடைத்துக்கொண்டே போனவன், முதல் வயலின்காரர்களின் தாளைப் பார்த்துத் திடுக்கிட்டேன். பக்கம் முழுக்கப் பென்சில் கிறுக்கல். அம்புக்குறி, வட்டம், புரியாத மொழியில் வார்த்தைகள், ஓரத்தில் ஒரு மீசைக்காரன் படம் வேறு.

நான் பன்னிரண்டு வருஷமும் பழைய புத்தகத்தில் படித்தவன். ஜூன் மாதமானால், முந்தைய வருஷக்காரன் கிறுக்கியதை அழித்த பிறகுதான் பாடம். (போட்டி வைத்திருந்தால் மாவட்ட அளவில் ஜெயித்திருப்பேன்.) பாவம், பெரிய மனிதர்கள், கிறுக்கிய தாளோடு ரேடியோவில் வாசிப்பதா? தரையில் உட்கார்ந்தேன். இரண்டு மணி நேரத்தில், அவர்களுடைய ஏழு ஸ்டாண்டில் முன்னால் இருந்த நான்கின் தாள்கள் பளிச்.

ஐந்தாவதை எடுக்கப் போனபோது, இசைத்தாள்களுக்குப் பொறுப்பான நரைமுடி அம்மாள் வந்தார். "க்ளீன், மேடம்" என்றேன் பெருமையாக. அவர் பக்கங்களைப் புரட்டினார். பிறகு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

ஆங்கிலத்தில் மெதுவாக, குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னார். வில்லை எங்கே மேலே தள்ளுவது, எங்கே கீழே இழுப்பது, எங்கே நிமிர்ந்து பார்ப்பது, எல்லாம் அந்தப் பென்சிலில்தான் இருந்ததாம். ஐம்பது வருஷமாக அந்த ரேடியோவில் வாசித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதிச் சேர்த்ததாம்.

அதற்குள் பஷீர் பாய் வந்துவிட்டார்.

"என்னப்பா செஞ்ச?"

"கிறுக்கல அழிச்சேன் பாய்."

"யாரக் கேட்டு?"

"யாரையும் கேக்கல பாய்."

"யா அல்லா! நாலு நாள் எதுக்கு? இப்பவே கெளம்பு, ஏர்போர்ட்ல நானே எறக்கி விடுறேன்!"

அம்மாள் பின்வரிசையைப் பார்த்தார். நான் தொடாத மூன்று ஸ்டாண்டுகளிலும் அதே குறிகள் அப்படியே இருந்தன. "நல்லவேளை, நீ மெதுவாக வேலை செய்கிறாய்" என்றார். (என் வேலையை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.)

பாய் பென்சில் வாங்க ஓடினார். ஸ்டாண்டுக்கு இரண்டு பேராக முன்வரிசை வயலின்காரர்கள் எட்டுப் பேரும் பின்வரிசைக்காரர்களின் தாளைப் பார்த்து, பரீட்சை ஹாலில் காப்பி அடிப்பதுபோல அடித்தார்கள். நான் பென்சில் சீவினேன். மீசைக்காரனுக்கு மட்டும் நகல் இல்லை. ஓய்வு பெற்றுப் போன ஒரு வயலின்காரர் வரைந்தது அது. அந்த இடத்தில் இப்போது உட்காருகிற நெட்டை மனிதர் பென்சிலை என்னிடமே நீட்டினார். வரைந்தேன். எவ்வளவு முயன்றும் தாளில் பஷீர் பாய்தான், அவருடைய மீசையோடு, வந்தார். நெட்டை மனிதர் சிரித்துவிட்டு, அழிக்க வேண்டாம் என்று கைகாட்டினார்.

சாயந்திரம் மேடை ஓரத்தில் நின்று வில்களை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின.

நான்காம் நாள் பாய் கையெழுத்துப் போட்டார். "பேனாவுல போட்டிருக்கேன்டா. ஒன் ரப்பர் இதுல வேலைக்காவாது."

இன்றைக்கும் நாங்கள் தங்கியிருக்கும் அஜ்மான் ரூமில் நான் துணியை எடுத்து அடுப்பைத் துடைக்கப் போனால், நான்கு கட்டிலிலிருந்தும் ஒரே குரல்: "யாரக் கேட்டு?"

மொத்தச் செலவு, இரண்டு டப்பா பென்சிலும் ஒரு ஷார்ப்னரும்: இருபத்தெட்டு திர்ஹம். பாய் என் சம்பளத்தில் பிடித்தது பதினான்கு. மீதிப் பதினான்கு, தன் மீசைக்காக விட்டுக்கொடுத்ததாம்.