இப்போ பார், இப்போ பார்!

ரத்தக் காட்டேரி இத்தனை காலம் சாகாமல் இருப்பதற்குக் காரணம் மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எங்கள் நாரிஸ் மாமா. அவர் மட்டும் அந்தப் பழைய காட்டேரிப் படத்தை மாதாமாதம் போட்டுப் பார்க்காமல் விட்டிருந்தால், அது எப்போதோ பட்டினியில் போய்ச் சேர்ந்திருக்கும்.

இந்த இனத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஒரு பழைய படத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, அதைப் பார்க்காதவர்களைத் தேடித் திரிவார்கள். சிக்கினால் தொலைந்தீர்கள்.

பட்டப்பகலில், எங்கள் ஊரான விட்பி துறைமுகத்தில் கடற்காகங்கள் யாருடைய வறுத்த மீனுக்கோ சண்டை போட்டுக்கொண்டிருக்க, மாமா வீட்டில் திரைச்சீலை மூடப்படும், தேநீர் வரும், பிஸ்கட் வரும், கடிக்கப் போனால் "சத்தம் வரும், ஊறவச்சுத் தின்னு" என்று உத்தரவும் வரும். பிறகு படம் ஓடும். மாமா திரையைப் பார்ப்பாரா? மாட்டார். உங்கள் முகத்தைப் பார்ப்பார். உங்கள் புருவம்தான் அவருக்குப் படம்.

"நாவல்ல இப்படி இல்லடா. காட்டேரி கப்பலோட வந்து நம்ம கரையிலதான் மோதுவான். படத்துல இவனுங்க நம்ம ஊரையே வெட்டிட்டானுங்க!"

"அப்புறம் ஏன் மாமா இதைப் போய்ப் பாக்கறீங்க?"

"வாயை மூடு. இப்போ பார், இப்போ பார்!"

ரப்பர் வௌவால் ஒன்று நூலில் தொங்கியபடி, பல்வலிக்காரன்போல் முனகிக்கொண்டு வரும். அவ்வளவுதான்.

போன மாதம் சிக்கிய மோரீன் அத்தை அந்த நூலைப் பார்த்துச் சிரித்த சிரிப்பில் தேநீர் மூக்கு வழியாக வந்துவிட்டது. பக்கத்து வீட்டு டெரன்ஸ் குறட்டையே விட்டார்.  இந்த ஞாயிறு நான் போனபோது, பழைய சாமான் விற்கும் தர்மக்கடைக்குக் கொடுக்க வாசலில் வைத்திருந்த பையில், பழைய கோட்டுகளுக்கு மேலே அந்த டிவிடியின் காலி உறை கிடந்தது.

"உன் வயசுல நான் இதுல காட்டேரி ஜன்னலைத் தொறக்கற காட்சிக்குப் பயந்து சோபாவுக்குப் பின்னாடி ஒளிஞ்சவன்டா," என்றார். "இன்னிக்கு நீயும் சிரிச்சேன்னா, சரி, குடுத்துட வேண்டியதுதான்."

காட்டேரியின் கல்லறை எங்கே என்று கேட்கும் சுற்றுலாக்காரர்களைக் கருவாட்டுக் கடைக்கு அனுப்பிவைப்பவன் நான். மாமாவைக் கேலி செய்யச் சட்டைப்பையில் பிளாஸ்டிக் கோரைப்பல் தயாராக இருந்தது. அதை எடுக்கவில்லை. எப்படியோ கைக்கு மனசு வரவில்லை.

ஜன்னல் காட்சி நெருங்கியது. மாமாவின் கை தலையணையை இறுக்கியது. வாய் மெல்லப் பிளந்தது. நரைத்த மீசைக்குப் பின்னால் ஒரு சின்னப் பையன் எட்டிப் பார்த்தான்.

வீடு அதிரக் கத்தினேன். பிஸ்கட் பறந்தது. விருதுக்குரிய கத்தல்!

மாமா படத்தை நிறுத்தினார்.

"ஜன்னல் இன்னும் தொறக்கவே இல்லையேடா."

"பயம் கொஞ்சம் முன்னாடியே வந்துடுச்சு மாமா."

 மாமா எழுந்து வாசலுக்குப் போனார். அவர் திரும்புவதற்குள் உங்களிடம் ஒரு கேள்வி: கடைசியாக யாருக்கோ உங்களுக்குப் பிடித்த படத்தைப் போட்டுக் காட்டினீர்களே, அப்போது உங்கள் கண் எங்கே இருந்தது? சிரிக்காமல் யோசியுங்கள்.

பையிலிருந்த உறையைக் கொண்டுவந்து என் மடியில் போட்டார்.

"படம் அங்க ஓடுது, நீ எம் மூஞ்சியையே பாத்துட்டு இருந்திருக்க. இனிமே இது உன்னோடதுடா. போ, எவன் சிக்குவான்னு தேடு."