கன்ட்ரோல் குரூப்

இனி வாழ்நாளில் நடக்கவே மாட்டேன் என்று கிளிட்டஸ் சபதம் எடுத்தார். சோபாவில் உட்கார்ந்தபடியேதான் எடுத்தார்.

கட்டிலிலிருந்து குளியலறைக்கு, வாசலிலிருந்து கம்பெனி பஸ்ஸுக்கு, பஸ்ஸிலிருந்து மலையாளி கஃபடீரியாவுக்கு நடப்பதெல்லாம் இதில் சேராது. அவர் சொன்னது வாக்கிங்கை. கையை வீசிக்கொண்டு, முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு, எங்கேயும் போகாமல் புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வருகிற அந்த நடையை. கிளிட்டஸ் குளச்சல்காரர். அபுதாபியை ஒட்டிய முசஃபாவில் பன்னிரண்டு வருடமாக ஏசி டெக்னீஷியன். வயது நாற்பத்தாறு, இடுப்பளவும் அதேதான். அந்த உடம்பில் ஓடுகிற ஒரே பொருள் சர்க்கரை.

அவருடைய மனைவி லிண்டா ஒரு கிளினிக்கில் நர்ஸ். டிப்ளமோவோடு அபுதாபிக்கு வந்தவள், இப்போது மாலைக் கல்லூரியில் பட்டப்படிப்பு படிக்கிறாள். இரண்டாயிரத்து ஏழாம் வருடத் தொடக்கத்தில் அந்தக் கல்லூரி தன் மாணவர்களுக்கு ஓர் ஆராய்ச்சிப் போட்டி வைத்தது. ஹெல்த், மேனேஜ்மெண்ட், பைனான்ஸ் என்று மூன்று பிரிவு. யார் வேண்டுமானாலும் எந்தப் பிரிவிலும் சேரலாம். முதல் பரிசு வாங்கினால் கடைசி செமஸ்டருக்கு பீஸ் கிடையாது. அந்தப் பரிசை வாங்காமல் விடுவதில்லை என்று லிண்டா முடிவு கட்டியிருந்தாள்.

கேள்விப்பட்ட நிமிடமே கிளிட்டஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். வீட்டில் ஒரு நர்ஸ். அவள் கையில் ஓர் ஆராய்ச்சி. கைக்கெட்டும் தூரத்தில் சர்க்கரையோடு ஒரு புருஷன். அவள் சோதனைக்குத் தவளையைத் தேடி வெளியே போவானேன்? அதனால்தான் முந்திக்கொண்டு அந்தச் சபதம்.

பயந்தபடியே லிண்டா நாலு பக்கத் தாளோடு வந்து நின்றாள். டிவியில் கிரிக்கெட், கடைசி ஓவர்.

"இஞ்ச பாருங்க, இதுல ஒரு ஒப்பு போடுங்க."

"நான் நடக்க மாட்டேன் பிள்ளே. இப்பவே சொல்லியாச்சு."

"நடக்க வேண்டாம்."

"பரோட்டாவ விட மாட்டேன்."

"விட வேண்டாம்."

கிளிட்டஸ் டிவியிலிருந்து கண்ணை எடுத்தார். பதினெட்டு வருடத் தாம்பத்தியத்தில் கிரிக்கெட்டின் கடைசி ஓவரில் அவர் மனைவியின் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான்.

"பின்ன எதுக்கு நானு?"

"மூணு மாசம் தினசரி நடந்து, வாயக் கட்டியவரு ஒரு குரூப்பு. அது நம்ம சோலையப்பன் அண்ணன். நடக்காம இஷ்டத்துக்குத் தின்னியவரு இன்னொரு குரூப்பு. அது நீங்க. ஒங்களுக்க குரூப்புக்குப் பேரு கன்ட்ரோல் குரூப்பு."

"என்ன குரூப்பு?"

"கன்ட்ரோல்."

ஓர் ஏசி டெக்னீஷியனிடம் போய் இந்த வார்த்தையைச் சொல்லலாமா? பத்து மாடிக் கட்டிடம் குளிர்வதும் வேர்ப்பதும் அடியில் இருக்கும் கன்ட்ரோல் பேனல் வைத்த சட்டம். முதலாளிக்கு வேர்த்தாலும் அது அசையாது. கல்யாணமான நாளிலிருந்து கன்ட்ரோல் என்ற சொல்லைக் கிளிட்டஸோடு சேர்த்து யாரும் உச்சரித்ததில்லை. இன்று கட்டின மனைவியே உச்சரித்துவிட்டாள். அதுவும் எழுத்துமூலமாக. அவர் முதல் மூன்று பக்கங்களைப் புரட்டி, நாலாம் பக்கத்தில் கையெழுத்தை நீளமாக இழுத்துப் போட்டார். இடையில் என்ன எழுதியிருந்தது என்று அவருக்கும் தெரியாது, அவர் கண்ணாடிக்கும் தெரியாது. அது டிவி மேலேயே இருந்தது.

சோலையப்பன் அதே ஃபிளாட்டின் இன்னோர் அறைக்காரர். வாடகையில் பாதி, அடுக்களை பொது, சண்டை கிடையாது. புதுக்கோட்டைப் பக்கமிருந்து கூலி வேலைக்கு வந்து, போர்மேனாகி, மனைவி சுந்தராம்பாளையும் அழைத்து வந்துவிட்டவர். சர்க்கரையில் கிளிட்டஸுக்குச் சமமானவர். பாவம் மனுஷன், நடந்தே தேய்ந்துவிடுவார் என்று கிளிட்டஸ் அவருக்காக மனதார வருத்தப்பட்டார்.

அடுத்த இரண்டு வாரம் சொர்க்கம். பரோட்டா வீட்டிலேயே சுட்டாள் லிண்டா. நேந்திரம்பழத்தை மாவில் தோய்த்துப் பழம்பொரி போட்டாள். கிளிட்டஸ் கையைக் கழுவப் போனால் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"இன்னும் ஒண்ணு தின்னுங்க. கன்ட்ரோல் குரூப்பு தின்னணும்."

கிளிட்டஸ் ஏப்பம் விட்டபடி கீழே இறங்கி, அண்ணன் முறை வைத்துக் காக்கா என்று கூப்பிடும் கட்டிடத்து வாட்ச்மேன் மீரா சாகிப்பிடம் பெருமையடித்தார். "காக்கா, எங்க வீட்டுல இப்ப கன்ட்ரோல் யாருக்க கையில தெரியுமா?"

"ஒங்க கையிலயா? அல்லாவே!" என்றார் மீரா சாகிப். அந்த 'அல்லாவே'யில் இருந்தது வியப்பா சந்தேகமா என்று கிளிட்டஸ் ஆராயவில்லை. ஆராய்ச்சி அவர் மனைவியின் இலாகா.

மூன்றாம் வாரம் சாப்பாட்டு மேசையில் குண்டு விழுந்தது.

"சோலையப்பன் அண்ணனுக்குப் பேண்ட் லூசாயிட்டாம்."

"பெல்ட் வாங்கச் சொல்லு."

"மூணு மாசம் கழிஞ்சு எல்லாருக்க ரத்தத்தையும் பாத்து மேடையில சொல்லணும். கன்ட்ரோல் குரூப்பு தோத்துப் போச்சுன்னு."

பரோட்டா பாதி வழியில் நின்றது. "என்னது?"

"தோக்கணும். தோக்கியதுக்குத்தான அந்த குரூப்ப வச்சிருக்கு. ஒங்க குரூப்பு தோத்தாதான் எனக்குப் பரிசு."

"எனக்க பேரச் சொல்லுவியா?"

"சேச்சே, பேரச் சொல்லப்பிடாது. அது ரூல். ஒண்ணாம் நம்பர் ஆளு, எனக்க மாப்பிளைன்னு மட்டும் சொல்லுவேன்."

அன்று கிளிட்டஸுக்குப் பரோட்டா இறங்கவில்லை. சோலையப்பனிடம் தோற்பதா? அதுவும் கன்ட்ரோலை வைத்துக்கொண்டு? தான் ஜெயித்தால் லிண்டாவின் பரிசு போய்விடும் என்பது அவருக்கு உறுத்தத்தான் செய்தது. டூட்டி முடிந்து வந்து, சமையலை முடித்து, அடுப்பு மேடையில் புத்தகத்தைச் சாய்த்து வைத்துப் படிக்கிறவள் அவள். அவளைப் பார்க்கும்போது பாவமாக இருந்தது. உடனே 'தோக்கணும்' என்ற குரல் காதில் ஒலித்தது. பாவம் பறந்துபோனது.

மறுநாள் முதல் கிளிட்டஸுக்கு ஓவர்டைம் வந்துவிட்டது. அதாவது வீட்டில் அப்படிச் சொன்னார். ஐந்து மணிக்கு டூட்டி முடிந்ததும் டயர்க் கடைகளுக்குப் பின்னாலிருந்த சந்தில் வாக்கிங் போனார். கையை வீசினார். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டார்.

நடையை மறைத்துவிடலாம். தீனியை எப்படி மறைப்பது? புருஷன்மார் தின்றதை மறைப்பதுதான் உலக வழக்கம். தின்னாததை மறைக்க வேண்டி வந்த முதல் ஆள் கிளிட்டஸ்தான். லிண்டா அடுக்களைப் பக்கம் திரும்பும்போது பரோட்டா பையில் போகும். பழம்பொரி சட்டைக்குள் போகும். சூடான பழம்பொரி சட்டைக்குள் போனால் என்ன ஆகும் என்பதை அவர் நெஞ்சு அறியும். பிறகு "காத்தாட நிக்கிறேன்" என்று கீழே இறங்கி எல்லாவற்றையும் மீரா சாகிப்பிடம் ஒப்படைப்பார்.

"காக்கா, இது நம்ம ரெண்டு பேருக்குள்ள இருக்கணும்."

"இப்ப எனக்குள்ளதானே இருக்கு" என்பார் மீரா சாகிப், மென்றுகொண்டே.

ஒருநாள் சந்தில் ஒரு வளைவில் திரும்பியபோது எதிரே சோலையப்பன். கையை வீசிக்கொண்டு வந்தவர் கிளிட்டஸைக் கண்டதும் வீசிய கையை அந்தரத்தில் நிறுத்தித் தலையைச் சொறிந்தார்.

"என்னண்ணே இந்தப் பக்கம்?"

"சும்மா... டயர் என்ன விலைன்னு கேக்க வந்தேன். நீரு?"

"நானும் டயர்தாண்ணே."

இரண்டு பேருக்கும் கார் கிடையாது. இரண்டு பேரும் அதை எடுத்துச் சொல்லவில்லை. நடக்கிற குரூப்பில் இருப்பவன் நடப்பதை ஏன் ஒளிக்க வேண்டும் என்று கிளிட்டஸுக்கு ஒரு நொடி தோன்றியது. மறுநொடியே விடையும் கிடைத்தது. காலையில் நடந்தது போதாமல் மாலையில் திருட்டுத்தனமாகக் கூடுதல் நடை நடக்கிறான்! விடுவாரா? அன்றிலிருந்து கிளிட்டஸ் இன்னும் இரண்டு சுற்று சேர்த்துக்கொண்டார்.

மூன்று மாதம் முடிந்தது. லிண்டா எல்லோரிடமும் மறுபடியும் ரத்தம் எடுத்தாள். பரிசோதனை முடிவு போட்டி நாளன்று மேடையில்தான் என்று சொல்லிவிட்டாள்.

போட்டி நாளில் கல்லூரி அரங்கம் நிரம்பியிருந்தது. கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளிட்டஸ் வந்தார். பதினெட்டு வருடத்துக்குப் பிறகு அதன் பொத்தான் போட முடிந்தது. பக்கத்து நாற்காலியில் சோலையப்பன், சுந்தராம்பாள். ஹெல்த் பிரிவு முடிந்தது. லிண்டாவைக் கூப்பிடவில்லை. பைனான்ஸ் பிரிவில் ஒரு பெண், வெளிநாட்டில் வேலை பார்க்கும் கணவர்கள் ஊருக்கு அனுப்பும் பணத்தில் பாதி எங்கே போகிறது என்று அரை மணி நேரம் பேசினாள். பாதிப் பேர் கூரையைப் பார்த்தார்கள். அடுத்து மேனேஜ்மெண்ட் பிரிவு. லிண்டா மேடையேறினாள்.

"நர்ஸுக்கு மேனேஜ்மெண்ட்ல என்ன வேல?" என்றார் கிளிட்டஸ். சுந்தராம்பாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

லிண்டா திரையில் எல்லோருடைய மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவுகளையும் காட்டினாள். ஒன்றாம் நம்பர் ஆள்: முன்பு எட்டு புள்ளி நாலு சதவீதம், இப்போது ஆறு புள்ளி ஆறு. கீழே இருந்த மற்ற நம்பர்களைக் கிளிட்டஸ் பார்க்கவில்லை.

கிளிட்டஸால் அதற்கு மேல் உட்கார முடியவில்லை. இதற்குத்தானே இத்தனை நாள் நெஞ்சு வெந்தார்! துள்ளி எழுந்து இரண்டு கையையும் தூக்கினார்.

"கன்ட்ரோல் குரூப் ஜெயிச்சாச்சு!"

அரங்கத்தில் அதே நேரத்தில் இன்னும் பதின்மூன்று ஆண்கள் எழுந்து, கையைத் தூக்கி, அதையே கத்தினார்கள். அவர்களில் ஒருவர் சோலையப்பன்.

"நீரு என்னத்துக்கு ஓய் எழும்புறீரு?"

"நாந்தாண்ணே கன்ட்ரோல் குரூப்பு! நீங்கதானே நடக்குற குரூப்பு?"

பதினான்கு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். எல்லோரும் லிண்டாவின் கிளினிக் நர்ஸ்களின் கணவர்கள், அந்த நர்ஸ்களுடைய தோழிகளின் கணவர்கள். எல்லோர் கோட்டிலும் பொத்தான் போட முடிந்திருந்தது. மேடையில் லிண்டா அடுத்த பக்கத்தைத் தட்டினாள். ஆய்வின் தலைப்பு திரையில் பெரிதாக வந்தது.

'வேண்டாம் என்று சொல்லி வேலை வாங்குவது எப்படி: பதினான்கு கணவர்களிடம் ஒரு மேலாண்மை ஆய்வு.'

"செய்யுங்கள் என்று சொன்னால் செய்யாத ஊழியர்களை என்ன செய்வது என்று எல்லாக் கம்பெனியும் கேட்கிறது" என்று லிண்டா நிதானமான ஆங்கிலத்தில் பேசினாள். "இந்த ஆய்வில் நடக்கிற குரூப் என்று ஒன்று கிடையவே கிடையாது. உண்மையான நோக்கம் கடைசியில்தான் சொல்லப்படும் என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருந்தோம். ஒருவர்கூடப் படிக்கவில்லை. எங்கள் கட்டிடத்தில் எடை கூடியவர் ஒரே ஒருவர். வாட்ச்மேன் மீரா சாகிப். கைமாறிய பரோட்டாக்களைத் தினமும் எண்ணி எழுதித் தந்த அவருக்கு என் நன்றி."

கடைசி வரிசையிலிருந்து மீரா சாகிப் எழுந்து சலாம் வைத்தார். அரங்கம் கூரை அதிரக் கைதட்டியது. முதல் பரிசு லிண்டாவுக்கு.

கிளிட்டஸுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கோப்பையைத் தூக்கிக்கொண்டு மேடையில் நின்ற லிண்டாவைப் பார்த்து அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அவருக்கும் சர்க்கரை குறைந்தது, அவளுக்கும் பரிசு கிடைத்தது. மறுபக்கத்தில் இருந்தவரை உலுக்கி, "அது எனக்க பொண்டாட்டி. நாந்தான் ஒண்ணாம் நம்பரு" என்றார். அந்த ஆளும் ஏழாம் நம்பர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் லிண்டா கோப்பையை டிவி மேல் வைத்துவிட்டு, கைப்பையிலிருந்து நாலு பக்கத் தாளை எடுத்தாள்.

"பரிசு வாங்கினவங்க கடைசி செமஸ்டர்ல வேற பிரிவுல இன்னொரு ஆராய்ச்சி பண்ணணும். நான் பைனான்ஸ் எடுத்திருக்கேன். ஒரு ஒப்பு போடுங்க."

கிளிட்டஸ் வாய்விட்டுச் சிரித்தார். ஒரு தடவை ஏமாறலாம், மறுபடியுமா? "எந்த குரூப்புல போட்டிருக்க?"

"கன்ட்ரோல் குரூப்புலதான்."

"காலாஸ்! முடிஞ்சாச்சு, அந்தக் கதையே வேண்டாம். என்ன மத்த குரூப்புல போடு. இல்லேன்னா ஒப்பு கிடையாது."

"வேண்டாங்க. கன்ட்ரோல்லயே இருங்க."

"வேண்டாம்னு சொல்லி வேல வாங்கியதெல்லாம் இனி எங்கிட்ட நடக்காது. மத்த குரூப்புதான். இது எனக்க முடிவு."

லிண்டா பெருமூச்சு விட்டு, தலையைக் குனிந்து, குரூப்பின் பெயரை அடித்து மாற்றி எழுதினாள். மனைவியை மடக்கிவிட்ட பெருமிதத்தில் கிளிட்டஸ் நாலாம் பக்கத்தில் கையெழுத்தை நீளமாக இழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே கேட்டார்.

"ஆமா, மத்த குரூப்புன்னா என்ன செய்யணும்?"

"சம்பளம் வந்த அன்னைக்கே பூராத்தையும் பொண்டாட்டி கையில குடுக்கணும்."