நமக்குள் பழக்கமில்லை

மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காளின் கணவன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தாங்கள் நலமாகவும், முன்பைவிடச் சற்றுப் பருத்தும் இருப்பதைச் சென்ற வியாழக்கிழமை நேரிலேயே கண்டுவிட்டபடியால் தனியாக விசாரிக்கவில்லை. இது புகார்க் கடிதம்.

நெஞ்சு அடைக்கிறது என்று மூன்று மாதமாக நான் சொல்லிவந்ததைத் தங்கள் அக்காள் வாயுக் கோளாறு என்று முடிவுகட்டினாள். மருத்துவர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "இதயத்துல ஒண்ணுமே இல்ல சார்" என்றார். தங்கள் அக்காள் பக்கத்திலிருந்து, "அது எனக்குத் தெரியும்" என்றாள். "மனசுல எதையோ போட்டு அழுத்தி வச்சிருக்கீங்க. யார்கிட்டயாவது இறக்கி வைங்க" என்றார் மருத்துவர். வீட்டுக்கு வந்து அவளிடமே இறக்கப் பார்த்தேன். "இங்க இடம் இல்லீங்க, ஏற்கெனவே நெறைஞ்சு கெடக்கு" என்றுவிட்டாள். தனியார் ஆலோசகர் ஒருவரை விசாரித்ததில், கட்டணத்தைக் கேட்டதும் நெஞ்சு இன்னும் கொஞ்சம் அடைத்தது. கடைசியில் நூலகத்து மாடியில் நடக்கும் சமூக ஆலோசனை நிலையத்தைக் கண்டுபிடித்தேன். அங்கே கட்டணம் கிடையாது; முடிந்ததைப் பெட்டியில் போடலாம், முடியாவிட்டால் போட வேண்டாம், யாரும் எட்டிப் பார்க்க மாட்டார்கள். போய் நின்றால், கழுத்தில் அட்டை தொங்க, பயிற்சி பெற்ற தொண்டராக, பிறர் துயரைக் காதுகொடுத்துக் கேட்பவராகத் தாங்கள்! தங்களுக்குக் காது இருப்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

வரவேற்பில் இருந்த பெண், "தெரிஞ்சவங்களா இருந்தா ஒரே அறையில விட மாட்டோம் சார். வேற ஆள் வேணும்னா நாலு மாசம் காத்திருக்கணும். உங்களுக்குள்ள பழக்கம் உண்டா?" என்று கேட்டாள். கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டாகத் தர்க்கவியல் பாடம் நடத்துகிறவன் நான். ஏழு ஆண்டாகப் பேச்சுவார்த்தை இல்லாத இருவரைப் பழக்கமுள்ளவர்கள் என்பது தர்க்கப் பிழை. "இல்லை" என்றேன். தாங்களும் வெட்கமில்லாமல் தலையாட்டினீர்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும், ஒரு காலத்தில் வாய்நிறைய "அத்தான்" என்று கூப்பிட்டு என் மானத்தை வாங்கிய அதே வாய், "சொல்லுங்க சார், இது உங்க நேரம்" என்றது.

சொன்னேன். குறுக்கே பேசக் கூடாது, நியாயம் கற்பிக்கக் கூடாது, சொந்தக் கதை எடுக்கக் கூடாது என்று சுவரிலேயே விதி ஒட்டியிருந்தது. இதைவிட நல்ல அறை உலகில் உண்டா? என் கல்யாணப் படத்தில் தாங்கள் முன்னால் வந்து நின்று, மாப்பிள்ளையை வெறும் ஒரு காதாகப் பதிவுசெய்ததைச் சொன்னேன். "உங்களுக்குச் சங்கடமா இருந்திருக்கும்" என்றீர்கள். இரவல் வாங்கிய ஏணியை ஒரு படி குறைவாகத் திருப்பித் தந்ததைச் சொன்னேன். "அந்த மனுஷன் மேல கோபம் வந்திருக்கும்" என்றீர்கள். "அந்த மனுஷன் ஒரு கழுதை" என்றேன். "உங்க பார்வையில அவர் ஒரு கழுதை" என்று பயிற்சியில் சொல்லித் தந்தபடியே திருப்பிச் சொன்னீர்கள். அடடா! அரைமணி நேரம் நெஞ்சு பஞ்சாக இருந்தது.

பிறகுதான் தாங்கள் விதியை மீறினீர்கள். ஏழு ஆண்டுக்கு முன் என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும், வெளியே அந்த இரும்பு பெஞ்சில் நான் ஒற்றை ஆளாக உட்கார்ந்திருந்ததைச் சொன்னேன். "யாராவது வந்திருக்கலாம்னு நெனச்சிருப்பீங்க" என்றீர்கள். "யாராவது இல்லடா. நீ" என்றேன். மேசைமேல் இருந்த டிஷ்யூ பெட்டியை என் பக்கம் தள்ளுவதுபோல் தள்ளி, முதல் தாளைத் தாங்களே எடுத்துக்கொண்டீர்கள். அப்புறம் இன்னொன்று. அப்புறம் எண்ணுவதை விட்டுவிட்டேன். அது வந்து அழுகிறவர்களுக்கு வைத்தது ஐயா, கேட்கிறவருக்கு அல்ல. எனக்கு ஒன்றுகூட மிச்சமில்லாமல் சட்டைக் கையால் துடைக்க நேர்ந்தது. தூசியைத்தான். நேரமும் ஆறு நிமிடம் கூடிப்போனது.

ஆகவே, என்னை வேறொருவரிடம் மாற்றும்படி நிலையத்தில் தாங்களே சொல்லிவிடவும். நான்கு மாதமானாலும் காத்திருப்பேன். தங்கள் மனைவிக்கு என் அன்பு, பிள்ளைகளுக்கு என் ஆசி. தங்களுக்கு என்ன அனுப்புவது என்று யோசித்துப் பிறகு எழுதுகிறேன்.

இப்படிக்கு,
தங்களோடு எந்தப் பழக்கமும் இல்லாத
அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டும்போது நிலையத்திலிருந்து போன். என் படிவத்தில், அவசரம் என்றால் யாரைக் கூப்பிடுவது என்ற இடத்தில் நான் எழுதியிருக்கும் எண்ணும், அவர்களிடம் இருக்கும் உன் எண்ணும் ஒன்றாம். "பழக்கமில்லன்னு சொன்னீங்களே சார்?" என்று அந்தப் பெண் கேட்கிறாள். எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த எண் அது ஒன்றுதான், வேறு காரணம் கிடையாது. இனி நம் இருவரையும் அங்கே சேர்த்து உட்காரவிட மாட்டார்களாம். வியாழன் நாலு மணிக்கு வீட்டுக்கு வந்துவிடு. அந்த அட்டையைக் கழற்றி வைத்துவிட்டு வா. அந்தப் பதினோரு நாளும் நீ ஏன் வரவில்லை என்று சொல்வதானால் சொல். கேட்கிறேன்.