விஸ்வநாத மாமாவின் பேனாவும் அரை பாட்டில் அம்மோனியாவும்

யாராவது ஒரு வேலையை இப்படிச் செய் என்று சொன்னால், அப்படியே செய்வது என் கௌரவத்துக்குக் குறைச்சல் என்று நினைத்த காலம் ஒன்று உண்டு. அறுபதுகளின் நடுவில், மாதுங்காவில், என் இருபதாவது வயதில். பி.காம். முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருந்தேன். வேலைதான் இல்லையே தவிர, தன்னம்பிக்கைக்கு ஒரு குறைச்சலும் இல்லை. (வேலை கிடைத்தபிறகு அது கொஞ்சம் குறைந்தது.)

எங்கள் கட்டடத்தின் மூன்றாவது மாடியில் விஸ்வநாத மாமா குடியிருந்தார். அவரோடு முன்பு வேலை பார்த்த பார்ஸிக்காரர் ஒருவர், ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் மேனேஜராகியிருந்தார். அங்கே ஒரு கிளார்க் வேலை காலி. அவருக்கு ஒரு சிபாரிசுக் கடிதம் தருவதாக மாமா என் அப்பாவிடம் சொல்லியிருந்தார்.

"விஜயதசமி காலம்பற எழுதித் தரேன். அன்னிக்கு என் பேனாவோட முதல் எழுத்தே இவன் வேலைக்கா இருக்கட்டும்" என்றார்.

அடுத்த மார்ச்சில் அப்பாவுக்கு ரிடையர்மெண்ட். அந்த ஒரு கடிதத்தை நம்பித்தான் எங்கள் வீடே மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.

சரஸ்வதி பூஜையன்று காலையில் மாடிக்குப் போனேன். மாமா தன் மெரூன் நிறப் பேனாவை உதறிக்கொண்டிருந்தார். தங்க நிப். உள்ளே மை காய்ந்து அடைத்துக்கொண்டு, எழுதவே மாட்டேன் என்று அடம் பிடித்தது. அதை அப்படியே பூஜையில் வைக்க அவருக்கு மனசு வரவில்லை.

"குடுங்கோ மாமா. அரை மணியில புதுசு மாதிரி பண்ணித் தரேன்" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

அக்கா பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். ஜன்னல் கண்ணாடி துடைக்க அம்மா வைத்திருந்த அம்மோனியா பாட்டிலை நான் எடுத்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"ஒரு பங்கு அம்மோனியாவுக்குப் பத்து பங்கு தண்ணி. ஒரே ஒரு சொட்டு சோப்பு. ஜன்னலைத் திறந்து வெச்சுக்கோ. பிளீச்சிங் பவுடர் டப்பா இருக்கற பக்கமே போகாதே, ரெண்டும் சேர்ந்தா விஷப் புகை. கடைசியில வெறும் தண்ணியால நாலஞ்சு தடவை நன்னா அலசணும். அலசாம மை ஊத்தாதே. கேக்கறியா?"

கேட்டேன். பிளீச்சிங் பவுடர் விஷயத்தை மட்டும் மதித்து (உயிர் ஆசை), டப்பாவை வாசலில் கொண்டுபோய் வைத்தேன். மற்றதெல்லாம் பெண்பிள்ளைகளின் பயம் என்று முடிவு கட்டினேன். ஒரு பங்கு சுத்தம் செய்யும் என்றால் பதினோரு பங்கு பதினோரு மடங்கு சுத்தம் செய்யாதா? பி.காம். கணக்கு. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, அரை பாட்டிலைக் கிண்ணத்தில் கவிழ்த்து, பேனாவின் ரப்பர் குழாய்க்குள்ளும் ஏற்றினேன்.

அடுத்த நிமிஷம் எனக்கு மூச்சு முட்டியது. கண், மூக்கு இரண்டும் குழாயாகக் கொட்டின. வெளியே ஓடிவந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அம்மா என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அழாதேடா கொழந்தே, வேலை கண்டிப்பா கிடைக்கும்" என்று தலையைத் தடவிக் கொடுத்தாள்.

ஆனால் பேனா பளபளத்தது! பழைய மையெல்லாம் கரைந்து வந்துவிட்டது. அதற்குள் மாமி மாடியிலிருந்து, "பூஜைக்கு நேரமாச்சு, பேனா எங்கே?" என்று குரல் கொடுத்தாள். அலச ஏது நேரம்? கிண்ணத்தில் இருந்ததைக் கொட்டிவிட்டு, நேரே நீல மையை ஊற்றி, துடைத்து, மாடிக்கு ஓடிப்போய் சரஸ்வதி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டேன். பக்கத்தில் மாமாவின் பெயர் அச்சிட்ட கடிதத் தாள் ஒன்று, மூலைகளில் மஞ்சள் குங்குமத்தோடு, எனக்காகக் காத்திருந்தது.

சாயங்காலம் மாமா வீட்டுச் சுண்டலுக்கு வந்த அக்கா மூக்கைச் சுருக்கினாள்.

"அலசினியோ?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"இப்பவே எடுத்து அலசுடா!"

எப்படி எடுப்பது? பூஜையில் வைத்த பேனாவை மறுநாள் புனர்பூஜை முடியாமல் யார் தொடுவார்கள்? நான் அந்தப் பேனாவுக்கு எதிரே உட்கார்ந்து சுண்டல் தின்றேன். வந்தவர்கள் எல்லாரும் ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டு, கற்பூரம் சரியில்லை என்று மாமியிடம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் காலை மாமா பலகையில் உட்கார்ந்து, தாளை வைத்து, பேனாவைத் திறந்து எழுதினார். தாளில் ஒன்றும் தெரியவில்லை. உதறினார், அழுத்தினார். ஈரம் மட்டும் தெரிந்தது, நிறம் இல்லை.

"என்னடா பண்ணித் தொலைச்சே? மை ஊத்தினியா, தண்ணி ஊத்தினியா? இதோ பார், ஒரு வரி முழுக்க எழுதறேன், வரதா?" என்று கோபமாக எழுதிக் காட்டினார். எதுவும் வரவில்லை.

பூஜையில் வைத்த தாளைக் கிழிக்க மாமி விடவில்லை. "வெறும் ஈரம்தானே, காய்ஞ்சுடும். அதுக்குக் கீழே எழுதுங்கோ" என்று தன் பேனாவைக் கொடுத்தாள். (பூஜைக்கு வைக்காத பேனா. அதனாலேயே பிழைத்தது.) மாமா முணுமுணுத்துக்கொண்டே சிபாரிசை எழுதி, உறையில் போட்டு ஒட்டிக் கொடுத்தார்.

அடுத்த நாள் மேனேஜர் என் எதிரில் உறையைப் பிரித்தார். படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். பிறகு தாளை என் பக்கம் திருப்பினார்.

அம்மோனியா மையின் நிறத்தைக் கொன்றுவிடவில்லை, மயக்கம்தான் போட வைத்திருந்தது. ராத்திரியோடு ராத்திரியாக அம்மோனியா காற்றில் போய்விட, நீலம் திரும்ப எழுந்து வந்திருந்தது. உச்சியில் ஆங்கிலத்தில், மாமாவின் அழகான கையெழுத்தில், 'இந்தப் பையன் ஒரு முழு மடையன்.' அதற்குக் கீழே, 'இவன் புத்திசாலி, பொறுப்பானவன், எந்த வேலையையும் நம்பி ஒப்படைக்கலாம்.'

எனக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டேன். இந்தத் தடவை அம்மோனியா காரணமில்லை.

"இதில் எது உண்மை?" என்றார் மேனேஜர்.

ஒன்றையும் மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா சொன்னது, நான் கேட்காதது, பதினோரு மடங்கு, சுண்டல் எல்லாம். "ரெண்டும் உண்மைதான் சார். வரிசையும் சரிதான்" என்று முடித்தேன்.

அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அரே பாபா, இருபது வருஷத்தில் இவ்வளவு யோக்கியமான சிபாரிசுக் கடிதம் எனக்கு வந்ததே இல்லை" என்று சொல்லி வேலை கொடுத்தார். ஒரு நிபந்தனை, பேனாவைத் தொடக்கூடாது. டைப்ரைட்டர் முன்னால் உட்கார வைத்தார், ரிடையர் ஆகும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கடிதம் என்னோடுதான் இருக்கிறது. எனக்குக் கல்யாணமான மறு மாதமே அக்கா அதை என் மனைவியிடம் காட்டிவிட்டாள். போன வாரம்கூட, சமையலறைக் குழாயைப் பிளம்பர் இல்லாமல் நானே சரிசெய்கிறேன் என்று இறங்கி, கீழ்வீட்டுக் கூரைவரை தண்ணீர் இறங்கிவிட்டது. என் மனைவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பக்கெட்டால் தண்ணீரை வாரிக்கொண்டே சொன்னாள்: "அந்த மாமா முதல் வரியோடயே நிறுத்தியிருக்கலாம்."